கூடிப் பேசுவோம்! கேட்டுப் பழகுவோம்!



'டயலாக்' என்றதும் நம்மில் பலருக்கு சினிமா வசனம்தான் ஞாபகத்துக்கு வரும். "ரொம்ப டயலாக் விடாதடா" என்று ஒருவரையொருவர் கிண்டலும் செய்து கொள்கிறோம். ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போகும் டயலாக் அதற்கு நேர் எதிரானது. கைதட்டு வாங்குவதற்காகப் பேசும் பேச்சு அல்ல இது. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பேசுவதை மற்றவர்கள் கடைசிவரை கேட்டு, எல்லோரும் சேர்ந்து யோசிக்கப் பழகும் ஒரு பயிற்சி. இதற்கு ஒழுங்கான முறை உண்டு. அந்த முறையை வகுத்தவர் ஓர் இயற்பியல் விஞ்ஞானி.

"இதுக்கெல்லாம் பயிற்சியா? நமக்குப் பேசத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். பேசத் தெரியும். கேட்கத் தெரியுமா என்பதுதான் விஷயம்.

விவாதம் வேறு, உரையாடல் வேறு

நமக்குப் பட்டிமன்றம் பிடிக்கும். பொங்கலும் தீபாவளியும் டி.வி.யில் பட்டிமன்றம் இல்லாமல் விடிவதில்லை. இரண்டு அணி, ஒரு நடுவர், கடைசியில் தீர்ப்பு. கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எதிரணிக்காரர் பேசும்போது இந்த அணிக்காரர் எதற்காகக் காது கொடுக்கிறார்? எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்கத்தான். "எதிரணித் தலைவர் சொன்னது சரியாகப் படுகிறது, நான் மனம் மாறிவிட்டேன்" என்று மேடையில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? அப்படிச் சொன்னால் நிகழ்ச்சியே நடக்காது.

நம் வகுப்பிலும் ஹாஸ்டலிலும் பெரும்பாலும் நடப்பது இதுதான். நடுவர் மட்டும் கிடையாது. யாருக்குத் தொண்டை பெரிசோ அவன் பக்கம் தீர்ப்பு.

ஆங்கிலத்தில் 'டிஸ்கஷன்' என்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் லத்தீன். அடித்து உதறுவது, சிதறடிப்பது என்று அதற்குப் பொருள். தாள வாத்தியத்தைக் குறிக்கும் 'பெர்கஷன்', தலையில் அடிபட்டு மூளை அதிர்வதைக் குறிக்கும் 'கன்கஷன்' எல்லாம் அதே குடும்பம். ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க அதுவும் தேவைதான், தப்பென்று சொல்லவில்லை.

'டயலாக்' என்பது கிரேக்கச் சொல். 'லோகோஸ்' என்றால் சொல், அதன் பொருள். 'டயா' என்றால் இரண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 'ஊடாக' என்பதுதான் சரியான பொருள். மெஷின் டிராயிங்கில் 'டயா 25' என்று போடுகிறோமே, அந்த 'டயாமீட்டர்' என்ற சொல்லில் உள்ள அதே டயாதான். வட்டத்தின் ஊடாகப் போகும் அளவு டயாமீட்டர். வட்டமாக உட்கார்ந்தவர்களின் ஊடாக ஓடும் பொருள் டயலாக். இரண்டு பேர் பேசினாலும் டயலாக்தான், இருபது பேர் பேசினாலும் டயலாக்தான்.

யார் இந்த டேவிட் போம்?

அணு மாதிரியில் நாம் படித்த நீல்ஸ் போர் வேறு, இவர் வேறு. டேவிட் போம் 1917-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். ஓப்பன்ஹைமரிடம் படித்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1949-ல், அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கிறோம் என்று அமைக்கப்பட்டிருந்த நாடாளுமன்றக் குழு இவரைக் கூப்பிட்டது. உடன் வேலை பார்த்தவர்களைக் காட்டிக் கொடுக்கும்படியான பதில்களைச் சொல்ல அவர் மறுத்துவிட்டார். 1950-ல் கைது. 1951-ல் குற்றமற்றவர் என்று விடுதலை. ஆனாலும் பிரின்ஸ்டனில் வேலை போய்விட்டது. பிரேசிலுக்குப் போனார். அங்கிருந்து இஸ்ரேல், 1957-ல் இங்கிலாந்து. 1959-ல் யாகிர் அகரோனோவ் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட 'அகரோனோவ்–போம் விளைவு' இன்றும் இயற்பியல் பாடத்தில் உள்ளது.

1961-ல் லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். இந்தக் கல்லூரியின் கதை நம்மைப் போன்றவர்கள் தெரிந்து கொள்ள வேண்டியது. 1823-ல் லண்டன் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. பகலெல்லாம் உழைத்த தொழிலாளிகள் சாயங்காலம் வந்து படிப்பதற்காக ஏற்பட்ட இடம். என் அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான். அந்தக் கல்லூரியின் கதையைப் படித்தபோது, இது நம்ம ஆளுங்களுக்காகக் கட்டின கல்லூரி என்று தோன்றியது.

அதே 1961-ல்தான் போம், ஆந்திராவின் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சந்தித்தார். இருவரும் இருபது வருடங்களுக்கு மேல் பேசிக் கொண்டே இருந்தார்கள். 1980-ல் அவர்கள் பேசியவை 1985-ல் ஒரு புத்தகமாகவும் வந்தன. ஒருவர் விஞ்ஞானி, ஒருவர் பள்ளிப் பரீட்சைகளில் தேறாதவர். மனிதன் யோசிக்கும் விதத்திலேயே ஏதோ கோளாறு இருக்கிறது, அது என்ன என்பதுதான் இருவருக்கும் பொதுவான கேள்வி.

1984-ல் இங்கிலாந்தில் மிக்கில்டன் என்ற ஊரில், ஒரு வார இறுதியில், போமின் கருத்துகளைக் கேட்க ஒரு கூட்டம் கூடியது. பேச்சைக் கேட்க வந்தவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்து, கடைசியில் அந்த உரையாடலே முக்கியமாகிவிட்டது. அதன் பிறகு அவர் பல நாடுகளில் இப்படிப்பட்ட வட்டங்களை நடத்தினார். 1991-ல் டொனால்ட் ஃபேக்டர், பீட்டர் காரெட் என்ற இருவருடன் சேர்ந்து இதற்கு ஒரு செயல்முறைக் குறிப்பு எழுதினார். 1992-ல் மறைந்தார்.

ஒரு விஞ்ஞானிக்கு ஏன் இந்த வேலை? அதற்கு அவர் சொல்லும் உதாரணம் ஐன்ஸ்டீனும் நீல்ஸ் போரும்தான். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் மிகுந்த மரியாதை வைத்திருந்தவர்கள். ஆனால் குவாண்டம் கொள்கையில் எது உண்மை என்பதில் இருவருக்கும் அடிப்படையே வேறாகிவிட்டது. பல வருடம் வாதாடினார்கள். கடைசியில் பேசிக் கொள்ள ஒன்றுமில்லை என்ற நிலை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய மூளைகளுக்கே இந்தக் கதி என்றால், நம்ம ரூம்மேட்டுடன் வரும் தகராறு எம்மாத்திரம்!

கொடியில் காயப் போடுதல்

போம் சொல்லும் முறையின் உயிர்நாடி ஒன்றுதான். நாம் ஒவ்வொருவரும் நமக்கே தெரியாமல் சில தீர்மானங்களை மனசில் வைத்திருக்கிறோம். "சிவில்காரன்னா இப்படித்தான்", "இங்கிலீஷ் பேசறவன் புத்திசாலி", "பொண்ணுங்களுக்கு வொர்க்ஷாப் வராது". இவை நம் கருத்து என்றே நமக்குத் தோன்றாது. உண்மை நிலவரம் என்றே தோன்றும். யாராவது அதைத் தொட்டால் உடனே சுருக்கென்று கோபம் வரும்.

அப்படிக் கோபம் வரும்போது சாதாரணமாக நாம் இரண்டில் ஒன்றைச் செய்வோம். ஒன்று, பாய்ந்து சண்டை போடுவோம். இல்லாவிட்டால், "எதுக்கு வம்பு" என்று விழுங்கிக் கொள்வோம். போம் மூன்றாவதாக ஒரு வழி சொல்கிறார். பாயவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம். அந்தத் தீர்மானத்தை எடுத்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி எதிரில் தொங்க விடு என்கிறார். துவைத்த துணியைக் கொடியில் காயப் போடுவதில்லையா, அது மாதிரி. எங்கே கிழிசல், எங்கே கறை என்று எனக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். "எனக்கு இப்ப ஏன் இவ்வளவு கோபம் வருதுன்னு பார்க்கிறேன்" என்று வட்டத்தில் ஒருவன் சொல்ல முடிந்தால் அதுதான் தொங்கவிடுதல்.

இன்னொரு உதாரணமும் அவர் சொல்வார். கண்ணை மூடிக் கொண்டு விரலால் மூக்கைத் தொடுங்கள். சரியாகத் தொடுவீர்கள். கை எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்று உடம்புக்குத் தெரிகிறது. ஆனால் எண்ணம் ஓடும்போது, தான் ஓடுவது அதற்குத் தெரிவதில்லை. எண்ணம் தன்னையே கவனிக்கப் பழக வேண்டும். தனியாக இருந்து இதைப் பழகுவது கஷ்டம். நாலு பேர் இருக்கும்போது நம் முகம் மற்றவர் முகத்தில் தெரிந்துவிடுகிறது.

நமக்குப் புரிகிற மாதிரி லேசர் உதாரணமும் உண்டு. சாதாரண பல்பின் வெளிச்சத்தில் அலைகள் ஒன்றோடொன்று சேராமல் நாலா பக்கமும் சிதறிப் போகின்றன. லேசரில் எல்லா அலைகளும் ஒரே சீராகச் செல்கின்றன. அதனால்தான் லேசர் இரும்புத் தகட்டையே அறுக்கிறது. ஒரு கூட்டத்தின் சிந்தனையும் சீராகச் சேர்ந்தால் அப்படி ஒரு பலம் வரும் என்பது அவர் நம்பிக்கை.

கேட்காமல் போன ஒரு இரவு

இதெல்லாம் தத்துவம், டெக்னிகல் படிக்கிற நமக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம்.

1986 ஜனவரி 27, இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட வேண்டும். அதன் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்து கொடுத்த மார்டன் தயோகால் கம்பெனியின் என்ஜினீயர்கள் நாசா அதிகாரிகளுடன் டெலிபோன் மூலம் கூட்டம் போட்டார்கள். ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில் உள்ள 'ஓ-ரிங்' என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப் போகும், சட்டென்று விரிந்து இடைவெளியை அடைக்காது, ஆகவே 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஓடத்தை ஏவக் கூடாது என்று அவர்கள் சொன்னார்கள். மறுநாள் காலை உறைநிலைக் குளிர் இருக்கும் என்பது வானிலை அறிக்கை. ரோஜர் பாய்ஷோலி என்ற என்ஜினீயர் ஆறு மாதம் முன்பே, 1985 ஜூலையில், இந்த ஆபத்தை எழுத்து மூலம் மேலிடத்துக்குத் தெரிவித்திருந்தார்.

நாசா தரப்புக்கு இது பிடிக்கவில்லை. கம்பெனி மேலாளர்கள் தங்களுக்குள் பேச ஐந்து நிமிடம் கேட்டார்கள். அது அரைமணி நேரம் ஆனது. ஆர்னி தாம்சன் என்ற என்ஜினீயர் எழுந்து மேலாளர்கள் முன்னால் போய், காகிதத்தில் அந்த இணைப்பின் படத்தை வரைந்து காட்டினார். பாய்ஷோலி போட்டோக்களை வைத்துக் காட்டினார். எதிரில் இருந்த முகங்களைப் பார்த்து, இனி சொல்லிப் பயனில்லை என்று இருவரும் போய் உட்கார்ந்து விட்டார்கள். என்ஜினீயரிங் பிரிவின் தலைவரிடம், என்ஜினீயர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக் கொள்ளுங்கள் என்று மூத்த அதிகாரி சொன்னார். நான்கு மேலாளர்கள் சேர்ந்து 'ஏவலாம்' என்று முடிவு செய்தார்கள். அறையில் இருந்த என்ஜினீயர்களை அந்த முடிவில் சேர்க்கவில்லை.

ஜனவரி 28 காலை ஓடம் புறப்பட்ட 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். பிறகு விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ஃபெய்ன்மன், அந்த ரப்பரை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது உடனே பழைய நிலைக்குத் திரும்பாததை டி.வி. கேமரா முன்னாலேயே காட்டினார்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? உண்மை அந்த அறையிலேயே இருந்தது. படமாக வரைந்து மேஜை மேல் வைக்கப்பட்டிருந்தது. பேச ஆள் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. நாளைக்கு நாம் சூப்பர்வைசராக, சைட் என்ஜினீயராகப் போவோம். பாய்லர் பக்கத்தில் நிற்கும் ஒரு ஹெல்பர், "சார், சத்தம் ஒரு மாதிரியா வருது" என்பான். அவனுக்கு டேட்டா தெரியாது, கிராஃப் தெரியாது. அந்த நேரத்தில் நாம் அவனைக் கேட்போமா, அல்லது தொப்பியை மாற்றிக் கொள்வோமா? ஒரு உயிர் அதில் இருக்கலாம்.

பயிற்சி எதற்கு?

போமின் வட்டத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது விதி. இது முதலில் விசித்திரமாகப் படும். முடிவு எடுக்காத கூட்டம் வெட்டிக் கூட்டம்தானே?

முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு எம்.எஸ். தகட்டைக் கொடுத்து, அரம் போட்டு, மூலைமட்டம் வைத்து வெளிச்சம் தெரியாமல் சதுரமாக்கு என்றார்கள். கை கொப்பளித்தது. செய்து முடித்த தகடு யாருக்கும் தேவையில்லை, கடைசியில் ஸ்கிராப்புக்குத்தான் போனது. ஆனால் கைக்கு வந்த பழக்கம் போகவில்லை. உரையாடல் வட்டமும் அப்படித்தான். அங்கே பேசிய விஷயம் ஸ்கிராப்புக்குப் போகலாம். கேட்கும் பழக்கம் தங்கிவிடும். முடிவு எடுக்க வேண்டும் என்ற அவசரம் இருந்தால் உடனே அணி சேர்ந்து விடுவோம். அதனால்தான் அந்த விதி.

'குவாலிட்டி சர்க்கிள்' என்று தொழில் மேலாண்மைப் பாடத்தில் வருகிறதே, அது இதற்குத் தூரத்துச் சொந்தம். 1962-ல் ஜப்பானில் கவோரு இஷிகாவா முயற்சியில் தொடங்கியது. நம் நாட்டில் 1980-ல் ஹைதராபாத் பி.எச்.இ.எல். தொழிற்சாலையில் ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்வு காண்பது நோக்கம். இங்கே தீர்வுக்கு முந்தின வேலை. எல்லோரும் ஒரே பிரச்சினையைத்தான் பார்க்கிறோமா என்று தெரிந்து கொள்வது.

எப்படி நடத்துவது?

1. வட்டமாக உட்காரவும். தலைமை நாற்காலி கிடையாது. எங்கள் ஊர் ஆலமரத்தடிக் கூட்டமும் வட்டம்தான். ஆனால் அங்கே திண்ணையில் உட்காருபவர்கள் சிலர், எட்டி நின்று கேட்பவர்கள் சிலர். இங்கே நிற்பவர் யாரும் இருக்கக் கூடாது. எல்லோரும் ஒரே மட்டத்தில்.

2. போம் சொன்ன எண்ணிக்கை இருபதிலிருந்து நாற்பது பேர். அவ்வளவு பேர் இருந்தால்தான் பலவிதக் கருத்துகள் வெளிவரும், ஆள் குறைந்தால் மரியாதைக்குப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர் காரணம். ஆனால் புதிதாகத் தொடங்கும் நமக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும் என்பது என் அனுபவம்.

3. நேரம் சுமார் இரண்டு மணி என்பது அவர் கணக்கு. வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ, விடாமல் கூட வேண்டும். ஒரு தடவை செய்துவிட்டு "ஒண்ணும் நடக்கலை" என்றால் எப்படி?

4. தலைப்பு முன்கூட்டியே வேண்டாம். உட்கார்ந்த பிறகு எது வருகிறதோ அது.

5. ஒருவர் பேசி முடித்ததும் உடனே அடுத்தவர் ஆரம்பிக்கக் கூடாது. ஒரு மூச்சு விட்டு ஆரம்பிக்கவும். நடுவில் மௌனம் வந்தால் பயப்பட வேண்டாம்.

6. "நீ சொல்றது தப்பு" என்பதற்குப் பதில் "நீ ஏன் அப்படி நினைக்கிறே?" என்று கேட்கவும். உண்மையிலேயே தெரிந்து கொள்ளக் கேட்க வேண்டும். வக்கீல் குறுக்கு விசாரணை மாதிரி இருக்கக் கூடாது.

7. தொடக்கத்தில் முறையை விளக்க ஒருவர் இருக்கலாம். நாலைந்து வாரத்தில் அவரும் வட்டத்தில் ஒருவராகிவிட வேண்டும்.

8. வட்டத்தில் பேசியது வட்டத்தோடு. செல்போன் பைக்குள்.

வில்லியம் ஐசக்ஸ் என்பவர் 1999-ல் எழுதிய நூலில் இதற்கு நான்கு பழக்கங்கள் வேண்டும் என்கிறார். கேட்பது, மதிப்பது, தொங்கவிடுவது, தன் குரலில் பேசுவது. நான்காவதை மறந்துவிடக் கூடாது. கேட்பது என்றால் வாயை மூடிக் கொண்டிருப்பது அல்ல. காலம் காலமாக வாயை மூடியே பழகிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம். நமக்கு நான்காவதுதான் கஷ்டம்.

நாங்கள் செய்து பார்த்தது

எங்கள் வகுப்பில் ஒன்பது பேர், வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் டிராயிங் ஹால் வராந்தாவில் உட்கார்ந்தோம். ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் சிலருக்கு வேறு பஸ் இல்லை. ஆகவே ஒரு மணி நேரம்தான். ஏழு வாரம் நடந்தது.

முதல் வாரம் நான்கு பேர் பேசினார்கள், ஐந்து பேர் கேட்டோம். இரண்டாம் வாரம் மூன்று நிமிடம் யாருமே பேசவில்லை. ஒருவன் சிரித்துவிட்டான், எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் வாரம்தான் விஷயம் வந்தது. வகுப்பில் நாம் ஏன் சந்தேகம் கேட்பதில்லை?

தமிழ் மீடியத்திலிருந்து வந்த ஒருவன் சொன்னான்: "எனக்கு தெர்மல் கிளாஸ்ல பாதி புரியாது. கேட்டா தமிழ் மீடியம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கெல்லாம் புரியுது, எதுக்கு அவங்க நேரத்தைக் கெடுக்கணும்னு விட்டுடுவேன்."

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் பேசினான்: "எனக்கு மட்டும் புரியுதுன்னு யாருடா சொன்னது? வார்த்தை புரியும், விஷயம் புரியாது. நான் எழுந்து கேட்டா, இவனுக்கே புரியலையான்னு சிரிப்பாங்கன்னு உட்கார்ந்திருப்பேன்."

இரண்டரை வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இருவரும். ஒருவனைப் பார்த்து ஒருவன் பயந்து கொண்டு, இருவருமே கேட்கவில்லை. இது எந்த விவாதத்திலும் வெளியே வந்திருக்காது. ஏனென்றால் இதில் அணியே கிடையாது. இப்போது எங்கள் வகுப்பில் யாராவது எழுந்து சந்தேகம் கேட்டால் குறைந்தது இரண்டு பேராவது "ஆமா சார், எனக்கும்" என்கிறோம்.

ஐந்தாம் வாரம் நடந்ததுதான் பெரிது. கடைசி செமஸ்டர் புராஜெக்ட் விஷயம். டவுனில் ரெடிமேடாகவே விற்கிறார்கள். எங்கள் குழுவில் ஆறு பேர், மொத்தம் பதினெட்டாயிரம், தலைக்கு மூவாயிரம் என்ற பேச்சு ஓடிக் கொண்டிருந்தது. யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அன்றைக்கு வட்டத்தில், நாலு வாரமாக வாயே திறக்காத ஒரு நண்பன் மெதுவாகப் பேசினான்: "எங்கம்மா மகளிர் குழுவுல கடன் கேட்டிருக்கு. கிடைச்சிடும். அது பரவாயில்லை. ஆனா காசு கொடுத்து வாங்கிட்டு வந்து வைவாவுல நான் என்ன சொல்லுவேன்? வீட்டுல, நான் செஞ்சதுன்னு போட்டோ காட்டச் சொல்லுவாங்களே, என்ன சொல்லுவேன்?"

யாரும் குறுக்கே பேசவில்லை. அதுதான் பயிற்சியின் பலன். பழைய மாதிரியாக இருந்தால், "டேய், எல்லாரும் அப்படித்தான்டா பண்றாங்க" என்று ஒரே வார்த்தையில் அமுக்கியிருப்பார்கள். பிறகு, வாங்கலாம் என்று முதலில் சொன்ன நண்பனே பேசினான். "எனக்குக் காசு பிரச்சினை இல்லை. வெல்டிங்கே எனக்கு ஒழுங்கா வராது. செய்ய ஆரம்பிச்சு நடுவுல நின்னுட்டா டிப்ளமோவே போயிடுமோன்னு பயம். அதான் வாங்கிடலாம்னேன்."

ஒருவனுக்குக் கடன் பயம், ஒருவனுக்குக் கைத்தொழில் பயம். வெளியே தெரிந்தது 'எல்லோருக்கும் சம்மதம்' என்ற மௌனம். மௌனம் சம்மதம் என்று நம் ஊரில் சொல்வார்கள். எல்லா மௌனமும் சம்மதம் இல்லை நண்பர்களே!

விதிப்படி வட்டத்தில் முடிவு எடுக்கவில்லை. திங்கள்கிழமை குழு தனியாகக் கூடியபோது ஐந்தே நிமிடத்தில் முடிவானது. பழைய ஆங்கிள் இரும்பும் சைக்கிள் உதிரி பாகங்களும் வைத்து, காலால் மிதித்து ஓட்டும் வேர்க்கடலை உடைக்கும் கருவி. வெல்டிங் நன்றாக வருபவன் வராதவனைப் பக்கத்தில் நிறுத்திக் கொள்வது என்பதும் முடிவானது. இதை எழுதும் நேரத்தில் பிரேம் முடிந்துவிட்டது. சல்லடை இடைவெளி சரியாக அமையாமல் பருப்பு உடைகிறது, அதைச் சரி செய்து கொண்டிருக்கிறோம். இதுவரை தலைக்கு எழுநூறு ரூபாய் ஆகியிருக்கிறது.

சில எச்சரிக்கைகள்

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒரு நண்பன் நாலாம் வாரத்தோடு நின்றுவிட்டான். "ஒண்ணும் உருப்படியா இல்லடா" என்றான். அவனுக்கு அப்படிப் பட்டது, அவ்வளவுதான். கட்டாயப்படுத்தி உட்கார வைத்தால் அது வட்டமே அல்ல.

வட்டம் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. ராகிங் நடந்தால், சாதி சொல்லி ஒருவனை இழிவு செய்தால், அங்கே உட்கார்ந்து தொங்கவிடுவதற்கு ஒன்றுமில்லை. புகார்தான் கொடுக்க வேண்டும். பலமுள்ளவன் தன் பலத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால்தான் உரையாடல் நடக்கும். சேலஞ்சர் அறையில் இல்லாமல் போனதும் அதுதான்.

மேடைப் பேச்சையும் பட்டிமன்றத்தையும் விட்டுவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன் வைக்கிறார்கள், அதற்குப் பேச்சுத் திறமை வேண்டும். ஆனால் முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்று சரியாகக் கேட்டவனால்தான் அங்கேயும் பொருத்தமாகப் பேச முடியும்.

முடிவாக...

திருக்குறளில் 40-வது அதிகாரம் கல்வி. 42-வது அதிகாரம் கேள்வி. கேட்டு அறிவதற்கென்றே பத்துக் குறள்களை வள்ளுவர் ஒதுக்கியிருக்கிறார். படிக்க வாய்ப்பில்லாதவனும் கேட்டால் போதும், தளர்ச்சி வரும்போது அது ஊன்றுகோலாக நிற்கும் என்பது அதில் வரும் கருத்து. நம் மொழியின் அழகு பாருங்கள், காது கொடுப்பதற்கும் 'கேள்வி'தான், சந்தேகம் எழுப்புவதற்கும் 'கேள்வி'தான். கேட்காதவனால் கேட்க முடியாது!

என் அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் டைல்ஸ் ஒட்டிய தரையை விரல் கணுவால் தட்டி, சத்தத்தைக் கேட்டே, எந்த இடத்தில் அடியில் கலவை சேரவில்லை என்று சொல்லிவிடுவார். மேலே பார்த்தால் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத்தான் பளபளக்கும். மனிதர்களும் அப்படித்தான். தட்டிக் கேட்டால்தான் தெரியும்.

நம் மாணவர் பேரவை ஒவ்வொரு துறையிலும் வாரம் ஒரு மணி நேரம் இப்படி ஒரு வட்டத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன். செலவு ஒன்றும் இல்லை. நாற்காலி கூட வேண்டாம், தரை போதும். ஜூனியர் தம்பி தங்கைகளே, நீங்கள் முதல் வருடத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். எங்களுக்குக் கடைசி செமஸ்டரில்தான் கிடைத்தது.

கூடுவோம், கேட்போம், பிறகு பேசுவோம்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்